வேண்டாம் என்பதன் விலை

சொந்தத் தொழில் செய்கிறவனைப் பார்த்து ஊர் படுகிற பொறாமைக்கு அளவே இல்லை. "உங்களுக்கென்னங்க, யாருக்கும் கைகட்டி நிக்க வேணாம். நெனச்சா வேலை, இல்லன்னா லீவு" என்பார்கள். இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருப்பார். கேட்கிறவன் அவர் தலைக்கு மேல் இருபதடி உயரத்தில் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பான். "சார், நாற்காலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் வீட்டு மரங்களைக் கழிப்பது, பட்ட கிளையை எடுப்பது, விழப்போகிற மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது என் பிழைப்பு. ஆள் ஒருவன், உதவிக்குத் தம்பிகள் இரண்டு பேர், ஒரு பவர் ரம்பம், அரிவாள்கள், நைலான் வடம், கட்டையை ஏற்றிப்போக வாடகைக் குட்டியானை. கம்பெனி என்று சொன்னால் கம்பெனி. முதலாளி நான்தான் என்று என் மனைவி நம்புகிறாள். எனக்குத்தான் அதில் சந்தேகம்.

ஏனென்றால் ஒரு மரத்தில் ஏறினால் முதலாளிகள் கீழே வரிசையாக வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர், "பாதி மரத்த எடுத்துடுப்பா" என்பார். அவர் வீட்டு அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "அந்தக் கிளைய மட்டும் தொடாதீங்க, அணில் கூடு கட்டியிருக்கு" என்பார். அந்தக் கிளைதான் பாதி மரம். மாடிக் குடித்தனக்காரருக்கு வெயில் வர வேண்டும், கீழ்வீட்டுக்காரருக்கு நிழல் போகக் கூடாது. பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ஒரே கோரிக்கை: மரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இலை மட்டும் அவர் வீட்டுப் பக்கம் உதிரக் கூடாது. தெருவில் போகிற ஒருவர் வண்டியை நிறுத்தி, "பச்ச மரத்த வெட்டுறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டு செல்போனில் படம் எடுப்பார். மறுநாள் அவரே அழைப்பார். அவர் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது, எப்போது வர முடியும் என்பார்.

மேலேயும் முதலாளிகள் உண்டு. மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முசுறுக்கு நம்முடைய ரேட்டு, ஒப்பந்தம் எதுவும் தெரியாது. கடித்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சிவிட்டுப் போகும். குஞ்சு பொரித்த காகத்துக்கு நான் வேப்பமரத்துக்கு வந்தேனா, அதன் பக்கத்து மரத்துக்கு வந்தேனா என்ற பேதம் இல்லை. தலை தெரிந்தால் கொத்து. ஹெல்மெட் கீழே விழும் கிளைக்காக என்று நினைக்கிறார்கள். சித்திரை மாதத்தில் அது காகத்துக்காக.

எல்லா வீட்டிலும் ஒரு நகைச்சுவையாளரும் இருப்பார். நான் ஏறிக் கிளையில் உட்கார்ந்ததுமே, "காளிதாசன் மாதிரி உக்காந்த கிளையையே வெட்டிடாத!" என்று சொல்லிவிட்டு, இதை உலகத்தில் முதன்முதலாகச் சொன்னவர் போலச் சிரிப்பார். காளிதாசனுக்கு அதற்கப்புறம் காளியின் அருள் கிடைத்தது. எனக்கு முசுறுதான் கிடைத்தது என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைப்பேன். மரக் கதைகளில் நான் நம்பாத கதை வேறு. விக்கிரமாதித்தன் முருங்கைமரத்தில் திரும்பத் திரும்ப ஏறி வேதாளத்தை இறக்கினான் என்கிறார்களே, அதுதான். வேதாளம் பேசியதை நம்பலாம், புதிர் போட்டதை நம்பலாம். ஒரு வளர்ந்த ஆள் முருங்கைக் கிளையில் அத்தனை முறை ஏறி, கை கால் முறியாமல் இறங்கினான் என்பதை எங்கள் தொழிலில் ஒருவனும் நம்ப மாட்டான். காய் பறிக்கவே தொரட்டிதான் போடுகிறோம்.

சிரிப்பெல்லாம் ரேட்டு பேசும் வரைதான். ரேட்டைச் சொன்னதும், "அஞ்சு நிமிஷ வேலைக்கா இவ்வளவு?" என்று ஒரு கேள்வி வரும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மெஷின் ஓடுவது ஐந்து நிமிடம்தான்.

ஒரு அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். முப்பதடி உயரத்திலிருந்து தவறி விழுகிற எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். காலை நேர ஜி.எஸ்.டி. சாலையில் அந்த வேகத்தை எந்த வண்டியும் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்த 200 கிலோவுக்குக் கீழே துளசி மாடம், சம்ப் மூடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கேபிள் ஒயர், ரேட்டில் பேரம் பேசியவரின் கார். கட்டையில் வடத்தைக் கட்டி, மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, தம்பி ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து இறக்குவான். சுற்று போட்ட வடம் மரத்தோடு உராய்ந்தே பாதிக்கு மேல் எடையை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒல்லியான பையன்கூட அதைப் பிடிக்க முடிகிறது.

வெட்டும் ஒரே வெட்டல்ல. கனமான கிளையை மேலிருந்து நேராக அறுத்தால், பாதி அறுபட்டதும் அதன் எடையே அதை இழுக்கும். அடிமரத்துப் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போகும். அதனால் முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது அறுப்பு. எடை போன பிறகு, கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போலத் தடித்திருக்கும் கழுத்தை விட்டுவிட்டு மூன்றாவது அறுப்பு. பார்க்கிறவருக்கு ஒரு கிளை விழுந்தது, அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காமல் முடிவதுதான் இந்த வேலையின் வெற்றி. ஒன்றும் நடக்காததற்கு யார் காசு கொடுப்பார்கள்?

அந்தக் கழுத்தை ஏன் விட வேண்டும் என்பதைக் கண்டு சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ. 1930இல் பிறந்து 2006இல் மறைந்தவர். அவருக்கு முன்னால் பெரும்பாலும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் உள்ளே பார்த்தார்கள். பவர் ரம்பம் கையில் இருந்ததால் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, அழுகல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நம் உடம்பில் காயம்பட்டால் கெட்ட சதை போய்ப் புதுச் சதை அதே இடத்தில் வளர்கிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. கெட்ட இடம் கெட்டதுதான். அது செய்வதெல்லாம், கெட்டது பரவாதபடி சுற்றிலும் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்துக்கொண்டு போவதுதான். 1977இல் வெளியான அவருடைய கையேடு ஒன்று இதைப் படம் போட்டு விளக்கியது. கிளையின் கழுத்து அப்படியொரு தடுப்பு எழும் இடம். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு தண்டாக வழித்து அறுத்தால், காவல்காரனையும் சேர்த்து வெட்டிவிட்டோம் என்று பொருள்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தத் தடுப்பும் கிடையாது, மேலே புதுத் தோல் வளர்வதும் கிடையாது. தண்டில் பட்ட வெட்டு, மரம் இருக்கும் வரை அப்படியே இருக்கும். என் அப்பா பேராவூரணிப் பக்கம் தென்னை ஏறியவர். ஏறுவதற்கு வசதியாக மரத்தில் படி வெட்டச் சொல்வார்கள், வெட்ட மாட்டார். "படி வெட்டுனா எனக்குச் சுலபந்தான். கூன்வண்டுக்கும் சுலபமாப் போயிரும்யா" என்பார். வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். புழு உள்ளே போனால், மரம் சாயும்போதுதான் வெளியே தெரியும். கடைசி வரை காலில் தளையைப் போட்டே ஏறினார். படி வெட்டச் சொன்ன தோட்டத்துக்காரர்களில் சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது படி வெட்டியது, வெட்டாதது என்று பார்க்கவில்லை, எல்லாவற்றையும்தான் சாய்த்தது. அப்பா மறுத்ததால் எந்த மரமும் அந்தப் புயலில் பிழைத்துவிடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குப் பின்னால் வேண்டியிருக்கிறது.

என்னிடம் வருகிற வேலைகளில் கணிசமானவை செய்யக் கூடாதவை. முதல் வகை மொட்டை. "மொத்தமா மொட்ட அடிச்சு விட்டுடுங்க. கொழந்தைக்கு அடிக்கிற மாதிரிதான். நல்லா அடர்த்தியா வளரும்ல?" என்பார்கள். வளரும். அதுதான் சிக்கல். இலையெல்லாம் போனதும் மரத்துக்குச் சோறு சமைக்கும் இடம் போய்விடுகிறது. பட்டைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை அது அவசரமாக எழுப்பிவிடும். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் தளிர் வரும். நன்றாகத்தான் இருக்கும், பார்க்க. ஆனால் அந்தக் கிளைகள் உள்மரத்திலிருந்து கிளம்பியவை அல்ல. வெளிப்பட்டையை ஒட்டி முளைத்தவை. கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும், மேலே கிளை பருத்துக்கொண்டிருக்கும். சில வருடங்களில் காற்றுக்கு முறிந்து விழும். முன்பு ஆபத்தில்லாமல் நின்ற மரத்தை நாமே ஆபத்தான மரமாக ஆக்கி, பிறகு ஆபத்தான மரம் என்று வெட்டுவோம். ஒரே மரத்தில் இரண்டு வேலை, இரண்டு கூலி. தொழில் என்று பார்த்தால் இதைவிட லாபம் வேறெதிலும் இல்லை.

இரண்டாவது வகை, வேப்பமரம். மாசி மாதம் வந்தால் போன் வரும்: "மரம் பட்டுப் போச்சுங்க. எலையெல்லாம் கருகிக் கொட்டிடுச்சு. எடுத்துடலாம்." நேரில் போய்ச் சின்னக் கிளை ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். நுனிக்கருகல் நோய் வந்த மரமாகவும் இருக்கலாம்; வருடா வருடம் இலை உதிர்க்கும் பருவமாகவும் இருக்கலாம். எப்படியானாலும் பங்குனி வரைக்கும் பொறுத்தால் அதுவே சொல்லிவிடும். "பொறுத்துப் பாருங்க, தளிர்க்கலன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இன்னைக்கு ஒரு மரத்தப் பாத்துட்டு வந்தேன்" என்றால், "பாத்ததுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்பாள். நாட்டில் டாக்டர் பார்த்ததற்கு வாங்குகிறார், வக்கீல் பார்த்ததற்கு வாங்குகிறார். மரம் பார்க்கிறவன் மட்டும் வெட்டினால்தான் வாங்க முடியும்.

மூன்றாவது வகை என் உயிர் சம்பந்தப்பட்டது. பச்சைக் கிளை முறியும் முன் ஒரு முனகல் முனகும், எச்சரிக்கும். பட்ட மரம் எச்சரிக்காது. அடியில் காளான் பூத்திருக்கும் மரம், அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும் மரம், ஒரு பக்கம் மண் தூக்கியிருக்கும் மரம்: இவற்றில் ஏற மாட்டேன். ஏணி லாரியோ கிரேனோ வைத்துத்தான் இறக்க வேண்டும்; செலவு கூடும். மின்கம்பியை உரசுகிற கிளை என்றால் மின்சாரத்தை நிறுத்தாமல் தொட மாட்டேன். "போன தடவ வந்தவரு அசால்ட்டா ஏறி முடிச்சுட்டாரே" என்பார்கள். அவரையே கூப்பிடலாமே என்று கேட்டால், அவர் இப்போது வேலைக்குப் போவதில்லை, இடுப்பில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார் என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லாததுபோலச் சொல்வார்கள்.

மறுப்பு எனக்கு ஒரு கேள்வியாக வந்து நின்றது வர்தாவுக்குப் பிறகுதான். 2016 டிசம்பர் 12 அன்று பிற்பகல் அந்தப் புயல் சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் தெருவில் கிடந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி என்று வெளிநாட்டு மரங்களின் மேல் பழி விழுந்தது. அதில் உண்மை உண்டு. மயில்கொன்றையின் வேர் ஆழம் போகாது, கிளையும் லேசில் முறியும். ஆனால் வேரைச் சுற்றிக் கழுத்து வரை சிமென்ட் பூசி, கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டுகிறேன் என்று ஒரு பக்க வேரையே அறுத்த இடத்தில் நம்மூர் வேம்பும்தான் விழுந்து கிடந்தது.

விழுந்த மரங்களை அறுத்து முடிக்கவே நாள் போதவில்லை. வேடிக்கை அதற்கப்புறம் ஆரம்பித்தது. விழாத மரங்களுக்குப் போன் வந்தது. "பக்கத்துத் தெருவுல விழுந்துடுச்சு. எங்க வீட்டுதும் விழுந்துட்டா?" என்று கேட்டார்கள். அடித்த காற்றிலேயே பெரிய பரீட்சையை எழுதித் தேறிய மரத்தை, தேறிய குற்றத்துக்காக வெட்டச் சொல்லுகிறார்கள். நின்றதாலேயே பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேர் அசைந்து, மண் வெடித்து நிற்கிற மரம் அடுத்த மழையில் சாயலாம். அதனால் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்த்தவற்றில் பலவற்றுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பயந்தவரிடம் ஒன்றும் இல்லை என்று சொல்வது எளிதல்ல. அவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கேட்ட ரேட்டைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார், எனக்கு அந்த மரத்தை இறக்கத் தெரியும். எங்கள் தொழிலில் பயம்தான் பருவமழை.

மறுத்துவிட்டு வந்த மரங்கள் என்ன ஆயின? சில இன்றும் நிற்கின்றன. சிலவற்றை மறுநாளே வேறொருவர் வந்து இறக்கினார். விறகுத்தொட்டிக்குக் கட்டை போவதை வழியிலேயே பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் என் மறுப்பு யாருக்குப் பயன்பட்டது? மரத்துக்கு இல்லை. வீட்டுக்காரருக்கு இல்லை, அவர் நினைத்தது நடந்துவிட்டது. எனக்கு? ஒரு நாள் கூலி போனது. தம்பிகளுக்கும் போனது, அவர்களிடம் கொள்கை பேசி அன்றைய சோற்றைத் தள்ளிப்போட எனக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் கூடவே வரும். படி வெட்ட மாட்டேன் என்ற அப்பாவின் கணக்கும் இதேதான். மறுப்பால் மரம் பிழைத்தது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ ஆறுதல். பல சமயம் சொல்ல முடியாது.

மறுப்பை ஒழுக்கம் என்று உயர்த்திப் பேசவும் எனக்குத் தயக்கம்தான். மறுப்பதற்குக் கையில் இருப்பு வேண்டும். எங்கள் தொழிலில் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை ஓட்டம். கோடையில் தேங்காய் பறிக்கவும் மட்டை கழிக்கவும் கூப்பிட்டால் உண்டு. வைப்புநிதி இல்லை, விடுப்புச் சம்பளம் இல்லை, விழுந்தால் கேட்பாரில்லை. ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கொள்கையும் ஒரே பையில் கிடந்து அடித்துக்கொள்ளும். அன்றாடக் கூலிக்கு ஏறுகிறவனிடம் போய், காளான் பூத்த மரத்தில் ஏன் ஏறினாய் என்று கேட்பது கொடுமை. அவனால் மறுக்க முடியாது என்பது தெரிந்துதான் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

இங்கேதான், சொந்தத் தொழிலைப் பார்த்து ஊர் படுகிற பொறாமைக்கு என்னால் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்க முடிகிறது. நேரத்துக்கு எழுவதில் எனக்குச் சுதந்திரம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் மரத்தில் ஏறியாக வேண்டும். விடுமுறையில் இல்லை, மழைதான் விடுமுறை கொடுக்கும், அதுவும் சம்பளம் பிடித்துக்கொண்டு. ரேட்டில்கூட முழுச் சுதந்திரம் இல்லை; தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார். எனக்கென்று மிஞ்சுவது, "இந்த வேலை வேண்டாம் சார்" என்று சொல்ல முடிகிற அந்த ஒரு இடம். அங்கே மட்டும்தான் நான் முதலாளி. மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை என்று, நாற்காலிக்காரர்கள் காபி முடிந்தபின் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார்கள். செய்யக் கூடாது என்று தெரிந்த வேலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். என் உயரத்தைப் பார்த்து அவர்கள் பொறாமைப்படவில்லை, இறங்கி வர முடிகிறதே என்பதைப் பார்த்துத்தான்.

அந்த இடத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி, கணக்கை ஒழுங்காகப் போடுவது. பெட்ரோல், செயின் ஆயில், அரம், தேய்ந்த வடத்தை மாற்றும் செலவு, தம்பிகள் கூலி, குட்டியானை வாடகை என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் மறுத்த வேலைகளையும் செலவில் சேர்த்துக்கொள்கிறேன். பார்த்துவிட்டு வெட்டாமல் வந்த வேப்பமரங்களின் கூலி, நான் வெட்டுகிற கிளைகளின் ரேட்டில் பிரிந்து ஏறியிருக்கிறது. ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவா என்று கேட்கிறவர், அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஊரில் எங்கோ நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இது அவருக்கு அநியாயமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. வேலையை முடித்து இறங்கியதும் எல்லோரும் என்னிடம் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "இனிமே பயமில்லையே? கொழந்தைங்க கீழ விளையாடலாம்ல?" விளையாடலாம் என்று நான் சொல்கிறேன். அந்தச் சொல்லைத்தான் அவர் உண்மையில் விலைக்கு வாங்குகிறார். கிளை வெட்டியது அதற்கு முன்னேற்பாடு. காசைக் காட்டினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் சொல்கிற "விளையாடலாம்" என்பதை நம்பி யார் தன் பிள்ளையை மரத்தடிக்கு அனுப்புவார்? மறுக்கத் தெரிந்தவனின் சம்மதத்துக்கு விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேரம் பேசுகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு, காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறேன்.